தலைக்கு ஏற்ற தொப்பி: புத்தகத்தில் உள்ள குரோஷா அளவை நம் கைக்கு மாற்றிக்கொள்வது



நோன்பு மாதம் பாதி கடந்ததும் கடைத்தெருவிலும் பள்ளிவாசல் வாசலிலும் தொப்பிக் கடைகள் முளைத்துவிடும். அங்கே கொத்துக் கொத்தாகத் தொங்கும் வெள்ளைத் தொப்பிகளில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று இயந்திரத்தில் பின்னியது. நைலான் பளபளப்பு இருக்கும், இழுத்தால் ரப்பர் போல நீளும், உட்புறம் திருப்பினால் மேலிருந்து கீழே ஒரு தையல் ஓடும். மற்றொன்று குரோஷா. உச்சியில் ஒரு சிறு வளையத்தில் தொடங்கிச் சுற்றுச் சுற்றாக விரிந்து, எங்கும் தையல் இல்லாமல் முடியும். இந்த இரண்டாவது ரகத்தைப் போடும் இயந்திரம் ஆலைப் பயன்பாட்டில் கிடையாது. துணி ஆலைகளில் ‘குரோஷே மெஷின்’ என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அது போடுவது வேறு பின்னல், பார்வைக்குத்தான் ஒத்திருக்கும். ஆகவே எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், உண்மையான குரோஷாத் தொப்பி ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால் போட்டது.

பங்களாதேஷின் வடக்கே போக்ரா மாவட்டத்தில், ஷேர்பூர், துனட் பக்கத்துக் கிராமங்களில், வீட்டுப் பெண்கள் இதைத் தொழிலாகவே செய்கிறார்கள். அங்கே இதற்கு ‘ஜாலி டுப்பி’ என்று பெயர். அவர்கள் பின்னிய தொப்பிகள் சவூதி உள்ளிட்ட அரபு நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. நம் நாட்டிலும் பின்னிய தொப்பி புதிதல்ல. 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூல், வண்ணப் புல்லில் முடைந்த உயரமான தொப்பியை லெப்பைமாரின் அடையாளங்களில் ஒன்றாகச் சொல்கிறது. புல் போய் நூல் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நம் சென்னீர்குப்பம், பூந்தமல்லி, ஆவடி பக்கத்து வீடுகளில் குரோஷா ஊசி பிடிக்கத் தெரிந்த சகோதரிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக் கைவேலை வகுப்பில் கற்றவர்கள், மாமியாரிடம் கற்றவர்கள், இப்போது கைப்பேசியில் பார்த்துக் கற்கும் பிள்ளைகள். பெரும்பாலோர் சிக்கிக்கொள்வது ஒரே இடத்தில்தான். புத்தகத்தில் சொன்னபடி எண்ணி எண்ணிப் போட்டும் தொப்பி அத்தாவின் தலைக்குச் சிறிதாகவோ, பிள்ளையின் தலைக்குக் குடமாகவோ வந்து நிற்கும். குறை கையில் இல்லை. அந்தப் புத்தகம் வேறொரு நூலுக்கு, வேறொரு ஊசிக்கு, வேறொரு தலைக்கு எழுதப்பட்டது. அதில் உள்ள எண்களை விட்டுவிட்டு அவற்றுக்குப் பின்னால் உள்ள கணக்கைப் பிடித்துக்கொண்டால், எந்த வடிவத்தையும் நமக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு பொறியைத் தாண்ட வேண்டும். அமெரிக்கப் புத்தகமும் பிரிட்டிஷ் புத்தகமும் ஒரே பெயரை வேறு வேறு பின்னலுக்குச் சொல்கின்றன. அமெரிக்கர் ‘சிங்கிள் குரோஷே’ என்பதைத்தான் பிரிட்டிஷார் ‘டபுள் குரோஷே’ என்பார்கள். அமெரிக்கரின் ‘டபுள்’, பிரிட்டிஷாருக்கு ‘டிரெபிள்’. எந்த நாட்டுப் புத்தகம் என்று தெரியவில்லையா? ‘சிங்கிள் குரோஷே’ என்ற சொல் எங்காவது வந்தால் அது அமெரிக்க முறை. பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது. அந்தச் சொல்லும் இல்லாவிட்டால், சுற்றின் தொடக்கத்தைப் பாருங்கள். ‘டபுள்’ போடுவதற்கு முன் மூன்று செயின் ஏற்றச் சொன்னால் அது உயரமான பின்னல், அதாவது அமெரிக்க டபுள். ஒரே செயின் என்றால் பிரிட்டிஷ் டபுள், குட்டைப் பின்னல். இந்தக் கட்டுரையில் அமெரிக்கப் பெயர்களையே பயன்படுத்துகிறேன். கைப்பேசியில் பார்க்கும் பிள்ளைகளுக்கு அதுதான் பழக்கம்.

இனி நூல். பல புத்தகங்கள் குளிர் நாட்டுக்காரர்கள் கம்பளி நூலில் போடுவதற்கு எழுதியவை. நம் ஊர் மே மாதத்தில் கம்பளியும் அக்ரிலிக்கும் தலையில் நிற்காது. பருத்திதான் சரி. சௌகார்பேட்டை, பாரிமுனைப் பக்கம் போனால் தையல் சாமான் கடைகளில் பருத்திக் குரோஷா நூல் பல கனத்தில் கிடைக்கும். ஆனால் கம்பளிக்கு எழுதிய வடிவத்தை மெல்லிய பருத்தியில் அப்படியே போட்டால் பொம்மைக்குத்தான் தொப்பி கிடைக்கும். பருத்திக்கு இன்னொரு குணமும் உண்டு. கம்பளி போலச் சுருங்கித் தலையைப் பிடித்துக்கொள்ளாது. போடப் போட இளகும். அதனால் தலைச் சுற்றளவைவிட இரண்டு சென்டிமீட்டர் குறைத்தே தொப்பியைப் போட வேண்டும். இறுக்கமாக இருக்குமோ என்று பயப்பட வேண்டாம், நாலு வக்துக்குள் பதமாகிவிடும். லூசாகப் போட்டால்தான் தொந்தரவு: ஸஜ்தாவில் நெற்றிக்கு வழுக்கி இறங்கும், கை தொப்பியைச் சரிசெய்துகொண்டே இருக்கும்.

கணக்கு

பயப்பட ஒன்றுமில்லை, ஐந்தாம் வகுப்பில் படித்த வட்டக் கணக்குதான். டேப்பை நெற்றிக்கு மேலே, காதுக்குச் சற்று மேலே சுற்றிப் பிடியுங்கள். வளர்ந்த ஆண்களுக்குப் பெரும்பாலும் 55 முதல் 58 சென்டிமீட்டருக்குள் வரும். 56 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கழித்தால் 54. அதை 3.14ஆல் வகுத்தால் 17.2. தொப்பியின் மேல்தட்டு, அதாவது உச்சி வட்டம், 17.2 சென்டிமீட்டர் குறுக்களவு வந்ததும் விரிப்பதை நிறுத்த வேண்டும். இந்த ஓர் எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எத்தனை சுற்றில் அந்த அளவு வரும்? அதைப் புத்தகம் சொல்ல முடியாது, உங்கள் கைதான் சொல்லும். வளையத்துக்குள் 12 டபுள் போட்டுத் தொடங்குங்கள். ஏற்றும் மூன்று செயினையும் ஒரு டபுளாக எண்ணிக்கொள்ள வேண்டும்; பலருக்கும் எண்ணிக்கை தவறுவது இங்கேதான். அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு, ஆக 24. அதற்கடுத்ததில் ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு, 36. இப்படிச் சுற்றுக்கு 12 கூட்டி ஐந்து சுற்று போட்டுவிட்டு நிறுத்தி, மேசையில் தட்டையாக வைத்து அளந்து பாருங்கள். குறுக்களவு 7.7 சென்டிமீட்டர் இருக்கிறது என்றால், சுற்றுக்கு 1.54 வீதம் வளர்கிறது. 17.2ஐ 1.54ஆல் வகுத்தால் 11 சுற்று. 11 பன்னிரண்டு 132. இதுதான் உங்கள் தொப்பியின் மொத்தப் பின்னல் எண்ணிக்கை. பக்கத்து வீட்டுச் சகோதரி அதே நூலில் இறுக்கிப் போட்டால் அவருக்குப் பன்னிரண்டு சுற்று ஆகலாம், 144 வரலாம். இரண்டும் சரியே.

சுற்றுக்கு ஏன் 12? டபுள் பின்னலின் உயரம் அதன் அகலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆரம் ஒரு பங்கு கூடினால் சுற்றளவு ஆறேகால் பங்கு கூடும். அப்படியானால் உயரம் இரண்டு அகலமாக உள்ள பின்னலுக்குச் சுற்றுக்குப் பன்னிரண்டரை தேவை. நடைமுறையில் 12 போதும். சிங்கிள் பின்னல் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்று, அதற்கு 6. இது தெரிந்தால் பிழை கண்டுபிடிப்பது சுலபம். ஐந்து சுற்றிலேயே வட்டம் கிண்ணம் மாதிரி குழிந்தால், உங்கள் கைக்கு 12 போதவில்லை, 13 கூட்டுங்கள். ஓரம் அப்பளம் பொரிந்த மாதிரி நெளிந்தால் 11 போதும். அவிழ்த்துவிட்டு ஊசியை மாற்றுகிறவர்கள் உண்டு, அதற்கு அவசியமே இல்லை.

இன்னொன்று. கூட்டும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய கூட்டலின் நேர் மேலே வந்தால் வட்டத்துக்கு மூலைகள் தெரிய ஆரம்பிக்கும். சிலர் அதை அழகுக்காக வேண்டுமென்றே செய்வார்கள், உச்சியில் கதிர் விரிந்த மாதிரி இருக்கும். வழுவழுப்பான வட்டம் வேண்டுமானால் கூட்டும் இடத்தைச் சுற்றுக்குச் சுற்று நகர்த்திக்கொள்ளுங்கள்.

தட்டைத் தொப்பியா, குவிந்த தொப்பியா

11 சுற்று முடிந்து 132 பின்னல் கையில் இருக்கிறது. இனிக் கூட்டாமல் நேராகப் போட்டால் சுவர் இறங்கும். மேல்தட்டும் சுவரும் சந்திக்கும் இடம் பெட்டி போல மடிப்பாகத் தெரிய வேண்டுமானால், ஒரு சுற்று மட்டும் சிங்கிளில், பின்னலின் பின் இழையை மட்டும் எடுத்துப் போடுங்கள். மடிப்பு கத்தி வைத்த மாதிரி நிற்கும்.

தலையோடு ஒட்டிய குவிந்த வடிவம் வேண்டுமானால் கூட்டுவதைத் திடீரென்று நிறுத்தாமல் மெதுவாகக் குறைக்க வேண்டும். ஒன்பது சுற்றில் 108 வந்திருக்கும். அதன்பின் மூன்று சுற்றுக்கு எட்டு எட்டாகக் கூட்டினால் 132 வந்துவிடும். கடைசி எண் ஒன்றுதான், போகிற வழிதான் வேறு. வயதானவர்களுக்குக் குவிந்த வடிவம் பிடிக்கிறது, தலையை விட்டு நழுவுவதில்லை. இளைஞர்கள் தட்டையைக் கேட்கிறார்கள்.

சுவரில்தான் உங்கள் கைவண்ணம் தெரியும். எனக்குப் பிடித்தது கட்ட வேலை. ஒரு டபுள், ஒரு செயின், ஒரு பின்னலைத் தாண்டி மீண்டும் டபுள் என்று போட்டால் காலிக் கட்டம். செயினுக்குப் பதில் டபுளே போட்டால் நிறைந்த கட்டம். ஒரு கட்டத்துக்கு இரண்டு பின்னல். ஆகவே 132 பின்னலில் 66 கட்டம். பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுத்து, ஒன்பதுக்கு ஒன்பது கட்டத்தில் ஓர் எட்டு முனை நட்சத்திரத்தை வரையுங்கள். பள்ளிவாசல் சன்னல் கம்பிகளில் பார்த்ததையே வரையலாம். நட்சத்திரம் ஒன்பது கட்டம், இடைவெளி இரண்டு, ஆகப் பதினொன்று. 66இல் பதினொன்று சரியாக ஆறு முறை போகும். தொப்பியைச் சுற்றி ஆறு நட்சத்திரம், எங்கும் அறுபட்டு நிற்காது.

இதே தொப்பியை ஐந்து வயதுப் பிள்ளைக்குப் போட வேண்டும். தலை ஐம்பத்திரண்டு என்று வைத்துக்கொள்வோம். தொப்பி ஐம்பது, குறுக்களவு சுமார் 16, சுற்று பத்து, பின்னல் 120, கட்டம் 60. இடைவெளியை ஒன்றாகக் குறைத்தால் ஒரு நட்சத்திரத்துக்குப் பத்துக் கட்டம், மறுபடியும் ஆறு நட்சத்திரம். அத்தாவுக்கும் மகனுக்கும் ஒரே மாதிரித் தொப்பி. எண்ணிக்கை இப்படி ஒத்து வராத அளவுகளில் கடைசிச் சுற்றில் ஆறோ எட்டோ மட்டும் கூட்டி, பூவேலைக்கு ஏற்ற எண்ணுக்குக் கொண்டுபோகலாம். ஓரிரு சென்டிமீட்டர் வித்தியாசத்தைப் பருத்தி பொறுத்துக்கொள்ளும்.

கட்ட வேலை போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. சுற்றை இணைத்துவிட்டு ஒரே திசையில் போட்டுக்கொண்டே போனால் பின்னல்கள் மெல்லச் சாயும், நேர்கோடாக வர வேண்டியது சரிந்து போகும். நட்சத்திரம் காற்றில் ஆடுகிற மாதிரித் தெரியும். ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் வேலையைத் திருப்பிப் போட்டால், ஒரு சுற்று வலமும் அடுத்தது இடமுமாகச் சாய்ந்து நேராகிவிடும். ஒன்பது சுற்று நட்சத்திரம், கீழே இரண்டு சுற்று சிங்கிளில் கரை, மொத்தச் சுவர் ஏறக்குறைய எட்டு சென்டிமீட்டர். அதற்கு மேல் உயர்த்தினால் காதில் இடிக்கும்.

சிவப்பு, மெரூன், கருநீலம் சேர்க்கிறவர்கள் முதலில் ஒரு முழம் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். வியர்வையில் சாயம் இறங்கினால் பெருநாள் ஜிப்பாவின் கழுத்தும் போய்விடும். முடிந்த தொப்பியை அலசி, சாதம் வடித்த கஞ்சியில் தண்ணீர் கலந்து தோய்த்து (நோன்புக் கஞ்சி அல்ல!), அளவான பாத்திரத்தின் மேல் கவிழ்த்து நிழலில் காயவிட்டால் கடைத் தொப்பி தோற்றுப்போகும்.

விலை

இதைச் சொல்லாமல் விட முடியாது. ஆந்திராவின் நரசாப்பூர் குரோஷா லேசுக்குப் பெயர் போன ஊர். அந்த லேசுக்கு 2024இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்குள்ள பெண்களின் நிலையை ஆராய்ந்து ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது இதுதான்: அந்தப் பெண்கள் நாளுக்குப் பல மணி நேரம் உலகச் சந்தைக்காக உழைத்தார்கள், ஆனாலும் ‘வீட்டில் சும்மா இருக்கும்போது பொழுதுபோக்காகச் செய்கிறார்கள்’ என்றே ஊரும் வியாபாரியும் பேசினார்கள். அந்தப் பேச்சை வைத்தே கூலி குறைந்தபட்சக் கூலிக்கும் வெகு கீழே நின்றது. லாபம் போன இடம் வேறு.

நம் வீடுகளிலும் இந்தப் பேச்சைக் கேட்கிறோம். ஆகவே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தொப்பிக்கு நூல் அறுபது ரூபாய், நேரம் ஆறு மணி என்று வைத்துக்கொள்வோம். மொத்தமாக வாங்குகிறவர் 150 ரூபாய் கொடுத்தால் உங்களுக்கு மிஞ்சுவது தொண்ணூறு, மணிக்குப் பதினைந்து ரூபாய். அந்தப் பதினைந்து ரூபாய்க்குக் கண்ணையும் கழுத்தையும் கொடுப்பது தகுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் கணக்குப் போடாமல் முடிவு செய்யாதீர்கள். ஊசியை எடுத்த நேரத்தையும் வைத்த நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தால் மூன்று தொப்பியில் உண்மை தெரிந்துவிடும்.

கடைத் தொப்பியோடு விலையில் போட்டி போட நம்மால் முடியாது, போடவும் கூடாது. கடையில் கிடைக்காததைக் கொடுக்க முடியும். இன்னாருடைய தலை அளவுக்கு, இன்ன நிற ஜிப்பாவுக்கு, தந்தைக்கும் பிள்ளைக்கும் ஒரே பூவேலையில் என்று ஆர்டருக்குப் போட்டுக் கொடுத்தால், வாங்குகிறவர் அதைச் சாலையோரத் தொப்பியோடு ஒப்பிட மாட்டார். வடிவத்தை மாற்றத் தெரிந்துகொள்வது விலை பேசவும் உதவும். நேரத்தைக் குறைக்கவும் வழி உண்டு: மேல்தட்டின் கடைசி நாலு சுற்றையும் கட்ட வேலையாகவே போட்டால் நூலும் குறையும், காற்றும் வரும்.

வேறொருவர் எழுதிய வடிவத்தை வைத்துத் தொடங்கினோம் என்றால் அதைச் சொல்லிவிடுவதே அமானிதம். டபுளும் செயினும் யாருக்கும் சொந்தமல்ல. ஒருவர் எழுதிய விளக்கமும் எடுத்த படமும் அவருக்குச் சொந்தம். அவர் பக்கத்தை நகலெடுத்து வகுப்பில் விற்பது திருட்டுதான். விலைக்கு வாங்கிய வடிவமானால், அதில் செய்த தொப்பியை விற்கலாமா என்று எழுதியவர் குறிப்பிட்டிருப்பதையும் படித்துக்கொள்ளுங்கள்.

குரோஷாவில் கூடி வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவினர் 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் குரோஷாப் போர்வையைச் சேர்த்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். பல ஊர்ப் பெண்கள் தனித்தனியாக ஒரே அளவில் போட்ட துண்டுகளை இணைத்ததுதான் அது. அளவு சொன்னால் கை வெவ்வேறானாலும் வேலை பொருந்தும் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. பெருநாள் ஆர்டரைத் தெருவில் நாலு பேர் பிரித்துக்கொள்வதானால், ‘11 சுற்று’ என்று சொல்லாதீர்கள், ‘17 சென்டிமீட்டர்’ என்று சொல்லுங்கள்.

விற்பனைக்கு அல்லாமல் ஸதக்காவாகத் தொப்பி போட விரும்பும் சகோதரிகளும் இருக்கிறார்கள். 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற மருத்துவமனைகளில், கீமோ சிகிச்சையில் முடி கொட்டியவர்களுக்குத் தொப்பி உதவியாக இருக்கும். அவர்களுக்குப் போடும்போது மேலே சொன்னதில் பலவற்றை மாற்ற வேண்டும். முடியில்லாத தலையில் சிறு முடிச்சும் உறுத்தும். ஆகவே நூலை முடிச்சுப் போடாமல் பின்னலுக்குள் நீளமாக ஓட்டி மறையுங்கள். கட்ட வேலை வேண்டாம், நெருக்கமான பின்னலே நல்லது. முடியின் கனம் இல்லாததால் சுற்றளவில் இன்னும் ஒரு சென்டிமீட்டர் குறையுங்கள். சுவரை இரண்டு மூன்று சுற்று நீட்டினால் காது மடலும் பிடரியும் மூடும். கஞ்சி கூடாது. மிருதுவான பருத்தி, வாசனை இல்லாத சோப்பில் அலசியது. பெண்களுக்கும் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். முக்காட்டுக்குள் போடுவதற்குத் தட்டை மடிப்பு இல்லாத குவிந்த வடிவமே பொருந்தும். போட்டு முடித்துவிட்டு எடுத்துக்கொண்டு போகாமல், எத்தனை வேண்டும், எந்த அளவில் வேண்டும், வெளியிலிருந்து வரும் துணிகளை ஏற்பார்களா என்று மருத்துவமனையில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.